மஸ்கெலியா: கணக்கில் நகரமாகாத ஒரு நகரம்

கொழும்பில் புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு புடைவைக் கடையில் வேலை செய்யும் இளைஞரிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்டால், "மஸ்கெலியா" என்று பதில் வரும். "டவுனா தம்பி?" என்று மறுபடியும் கேட்டால்தான், "இல்லண்ணே, தோட்டம். டவுன்ல இறங்கி இன்னும் மேல போகணும்" என்று விவரம் விரியும். அவருடைய அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், கடைசியாக மஸ்கெலியா என்று முகவரி இருக்கும். அந்தக் கடைசிச் சொல் தபால் வந்து சேரும் இடத்தைக் குறிக்கிறதே தவிர, அவர் பிறந்து வளர்ந்த இடத்தைக் குறிப்பதில்லை. இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அதுவே ஊர்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உள்ள மஸ்கெலியாவின் மக்கள்தொகை எவ்வளவு என்று ஒருவர் தேடத் தொடங்கினால் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கடைவீதியை மட்டும் எண்ணினால் சில தெருக்களுக்குள் முடிந்துவிடும் மிகச் சிறிய ஊர் அது. சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்த்து எண்ணினால் மலைநாட்டின் பெரிய மக்கள் திரள்களில் ஒன்று. குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகளோ இரண்டையும் வேறு வேறு பத்திகளில் போட்டுவிடுகின்றன. அங்குள்ளவர்கள் ஊர் என்று எதைச் சொல்கிறார்களோ அதற்கென்று ஒற்றை எண் எந்தப் பத்தியிலும் கிடைப்பதில்லை.

இதற்குக் காரணம், இலங்கையில் நகரம் என்பது நிலத்தைப் பார்த்தோ மக்களைப் பார்த்தோ முடிவு செய்யப்படாமல், உள்ளூராட்சி சபையின் வகையைப் பார்த்து முடிவு செய்யப்படுவதே ஆகும். மாநகர சபைக்கோ நகர சபைக்கோ உட்பட்ட இடம் என்றால் அது நகரம். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் உள்ள பெருந்தோட்டம் என்றால் அது தோட்டத்துறை. இந்த இரண்டிலும் சேராத எல்லாமே கிராமம். முன்பு சிறிய ஊர்களுக்குப் பட்டின சபைகள் இருந்தன. அவற்றின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களும் நகரவாசிகளாகவே எண்ணப்பட்டார்கள். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தோடு அந்தச் சபைகள் மறைந்தன. அவற்றின் கீழ் இருந்த ஊர்கள் பிரதேச சபைகளுக்குள் போயின. போன கையோடு கணக்கில் கிராமங்களாகவும் மாறின. 1981-இல் நாட்டு மக்களில் 21.5 வீதமானோர் நகரத்தில் வாழ்ந்தார்கள் என்று சொன்ன புள்ளிவிபரம், 2012-இல் 18.2 வீதம் என்று சொன்னது இதனால்தான். முப்பது ஆண்டுகளில் கடைகளும் கட்டடங்களும் பெருகிய ஒரு நாட்டில் நகர மக்கள் குறைந்துபோனார்கள் என்று இதை வாசித்தவர்கள் உண்டு. உண்மையில் குறைந்தது பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கைதான்.

கொழும்பில் இருந்துகொண்டே இந்த விசித்திரத்தைப் பார்க்கலாம். ஹோமாகம பிரதேச சபையின் கீழ் இருப்பதால், ஹைலெவல் வீதியில் பஸ்ஸும் லொறியும் நெருக்கியடிக்கும் அந்த ஊர் கணக்கில் கிராமம். வடக்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2012-இல் மாநகர சபையோ நகர சபையோ இல்லாததால், அந்த இரு மாவட்டங்களிலும் நகரவாசி என்று ஒருவர்கூடப் பதிவாகவில்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே பேரூராட்சிகள் நகரக் கணக்கில் சேர்கின்றன. அதற்கும் மேலாக, சட்டப்படி நகரமாக அறிவிக்கப்படாத ஊரில்கூட ஐயாயிரம் பேருக்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேருக்குக் குறையாத அடர்த்தி, ஆண் தொழிலாளரில் முக்கால் பங்கினருக்கு விவசாயம் அல்லாத வேலை ஆகிய மூன்றும் இருந்தால் அதை நகரமாக எண்ணுகிறார்கள். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால் நம்முடைய வரைபடம் பெரிதும் மாறும் என்பது என் எண்ணம். ஆனாலும் தோட்டங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த அளவுகோலிலும் விடை இல்லை.

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா நகர சபை, தலவாக்கலை–லிந்துலை நகர சபை ஆகிய மூன்றின் எல்லைக்குள் வாழ்பவர்களே நகரவாசிகள். 2012-இல் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டத்துறையில் இருந்தார்கள். மஸ்கெலியாக் கடைவீதி இந்த மூன்று சபைகளிலும் சேராதது. வங்கியும் பொலிஸ் நிலையமும் வைத்தியசாலையும் பஸ் நிலையமும் இருந்தும் அது கிராமம். அதிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் தேயிலை மலை தோட்டத்துறை. நடுவே வேலியோ வாசலோ கிடையாது. பாதையோரத்தில் தேயிலைச் செடி தொடங்கும் இடத்தில் ஒரு அட்டவணை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது.

இனி நிலத்தைப் பார்ப்போம். மஸ்கெலியா மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை நோக்கியிருக்கும் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. கொழும்பிலிருந்து போகிறவர்கள் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏறி, ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் என்று சுற்றி வந்து சேர்வார்கள். கினிகத்தேனையில் பிரிந்து நோர்ட்டன்பிரிஜ், லக்சபான வழியாகப் போகும் பாதையும் உண்டு. அந்த இரண்டாவது பாதையை ஒட்டித்தான் ஏழு கன்னியர் மலை நிற்கிறது. 1974 டிசம்பர் 4-ஆம் தேதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் அங்கே மோதி, அதில் இருந்த 191 பேரும் உயிரிழந்தார்கள். இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிகப் பெரிய விமான விபத்து அது.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக வந்து அறைவது இந்த மேற்குச் சரிவில்தான். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் ஓராண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுவது புதுமையல்ல. மஸ்கெலியா அந்த மழைச் சுவருக்குச் சற்று உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் மலைகள் வாரக்கணக்கில் மூட்டத்துக்குள் மறைந்திருக்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் றெட்டு எனும் முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, கால்களில் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலை ஏறுவார்கள். தை பிறந்தால் நிலைமை தலைகீழ். தைக்கும் பங்குனிக்கும் இடையில் காற்று வறண்டு இரவு குளிர, கொழுந்தின் வளர்ச்சி மெதுவாகி வாசம் கூடுகிறது. திம்புலைப் பிரதேசத் தேயிலை என்று கொழும்பு ஏலத்தில் விலை போகும் சரக்கின் சிறந்த மாதங்கள் இவை. டிசம்பர் முழுநிலவு நாளான உண்டுவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் இதனோடு சேர்ந்துகொள்ள, ஹட்டன் வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் லட்சக்கணக்கானோர் மஸ்கெலியாவைத் தாண்டித்தான் போகிறார்கள். கடைக்காரர்கள் ஆண்டு முழுவதற்குமான கணக்கைச் சரிக்கட்டிக்கொள்வது இந்த மாதங்களில்தான்.

ஊர் உருவானதும் தோட்டத்தால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் காட்டை வெட்டிக் கோப்பியும், இலை நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலையும் நட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் கீழ் வந்த தொழிலாளர்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். 1884-இல் ஹட்டனுக்குப் புகையிரதம் வந்ததும் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சரக்கு வருவதும் இங்கிருந்து போவதும் எளிதாயின. தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் துணியும் விற்க வந்த வணிகர்களால் கடைவீதி எழுந்தது. அவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோரும் இருந்தார்கள். இன்றும் கடைவீதியின் மக்கள் அப்படியே கலந்திருக்கிறார்கள், தோட்டங்களில் மலையகத் தமிழரே மிகப் பெரும்பான்மை. ஆகவே, நகரத்தின் இனக் கலவை ஒன்றாகவும் அதைச் சுற்றியுள்ள மலைகளின் கலவை வேறாகவும் இருப்பது தற்செயல் அல்ல.

அந்த வணிகர்களால் எழுந்த பழைய கடைவீதி இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கெசல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் மறித்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இல் எடுத்துரைத்த திட்டத்தின் தொடர்ச்சியாக, 1950-இல் லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965-இல் காசல்ரீ அணையும் 1969-இல் மவுசாகலை அணையும் எழுந்தன. மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா மூழ்கியது. மேட்டு நிலத்தில் புதிய நகரம் கட்டப்பட்டது. வரட்சியான ஆண்டுகளில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் கற்களும் பள்ளிவாசலின் சுவரும் விகாரையின் எச்சங்களும் சேற்றுக்கு மேல் எழும். சேறு காய்ந்து பாளமாக வெடித்ததும் ஆட்கள் அதில் இறங்கி நடந்துபோய், தாத்தாவின் கடை இங்கேதான் இருந்தது, தபாற்கந்தோர் அங்கே என்று கைநீட்டிக் காட்டுவார்கள். கோவில் கற்களுக்குச் சூடம் ஏற்றுபவர்களும் உண்டு.

அணையால் வந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூழ்கிய கோவிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்றைய மக்கள்தொகையை விளங்கிக்கொள்ள அதைவிட முக்கியமானது, புதிய நகரத்துக்கு அணை விட்டுவைத்த இடத்தின் அளவு. ஒருபக்கம் நீர்த்தேக்கம், அதன் கரை அரசின் காப்பு நிலம். மறுபக்கம் செங்குத்தான மலை, அதில் தேயிலை. தேயிலை நிலம் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுக்குச் சொந்தமாகி, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் பின்பக்கமாக நான்கு அடி நகர நினைத்தாலும் அங்கே கம்பனியின் தேயிலைச் செடி நிற்கும். ஆகவே கட்டடங்கள் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கிப் போகின்றன: கீழே கடை, அதன் மேலே வீடு, அதற்கும் மேலே வாடகைக்கு ஓர் அறை. சமவெளியில் ஓர் ஊர் வளர்ந்தால் அதன் ஓரத்து வயல்கள் மனைகளாகி மக்கள் குடியேறுவார்கள். மஸ்கெலியாவின் ஓரத்தில் அப்படி விற்கவோ வாங்கவோ தனியார் நிலம் மிகச் சொற்பம்.

தோட்டத்துக்குள் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயம் இன்னும் பல பிரிவுகளில் நிற்கிறது. மகனுக்குத் திருமணம் ஆனால் வாசல் திண்ணையை மறைத்து ஓர் அறை எடுப்பார்கள். பேரன் பிறந்தால் பின்பக்கத்துக் குசினியைத் தகரம் போட்டு நீட்டுவார்கள். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு தரும் திட்டங்கள் நடந்திருக்கின்றன என்றாலும், தேவையோடு ஒப்பிட்டால் அவை எட்டியது சிறு பகுதியைத்தான். நூற்றைம்பது ஆண்டுகளாக ஓர் இடத்தில் வாழ்ந்துவரும் மக்கள், தாம் வாழும் நிலத்தில் ஒரு சுவர் எழுப்ப நிர்வாகத்தின் அனுமதியை எதிர்பார்த்திருக்கும் நிலையில், அங்கே மக்கள்தொகை கூடவில்லையே என்று வியப்பதில் அர்த்தம் இல்லை.

கூடாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பழையது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் தேதியின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. மீதியிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென்று 1974-இல் முடிவாயிற்று. அந்த ஆண்டுகளில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் பெட்டிபடுக்கையோடு நின்று அழுத குடும்பங்களைப் பற்றி மஸ்கெலியாவின் முதியவர்கள் இப்போதும் சொல்வார்கள். ஒரே லயத்தில் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கும் தம்பி குடும்பம் இலங்கைக்கும் என்று பிரிந்தன. 1971-இல் நாடு முழுவதும் 11,74,606 ஆக இருந்த, குடிசன மதிப்பீடு "இந்தியத் தமிழர்" என்று எழுதிய மலையகத் தமிழரின் எண்ணிக்கை, 2012-இல் 8,39,504 ஆக நின்றது. போனவர்கள் போக, இலங்கைத் தமிழர் என்று தம்மைப் பதிந்துகொண்டவர்களும் இந்த இடைவெளிக்குள் அடங்குவார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் பத்தி மாறினார்கள் என்பதை இந்த ஓர் எண்ணை வைத்துப் பிரித்தெடுக்க முடியாது.

மற்றைய காரணம் நம் கண்ணெதிரே நடப்பது. கம்பனிகள் பொறுப்பேற்ற 1992-இல் தோட்டங்களில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. பிரவுன்ஸ்விக், மொக்கா, கிளென்டில்ட் போன்ற தோட்டங்களில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தோட்டத் தொழிலாளர்கள் என்று எண்ணுவது பல ஆண்டுகளுக்கு முன்பே பொய்த்துவிட்டது. ஒரே வீட்டில் தாய் கொழுந்து பறிப்பார், தந்தை மஸ்கெலியாவில் த்ரீவீல் ஓட்டுவார், மூத்த மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை பார்ப்பார், மகன் கொழும்பில் கடையில் நிற்பார், இளையவள் ஆசிரியர் கல்லூரியில் படிப்பார். அட்டவணை இந்த வீட்டைத் தோட்டத்துறை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

கொழும்பில் நிற்கும் மகனை எங்கே எண்ணுவது? வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்து எண்ணினால் அவர் கொழும்புக்காரர்; கொட்டாஞ்சேனையில் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் மேல்மாடி அறை அவருடைய வசிப்பிடம். வாக்காளர் இடாப்பில் அவர் மஸ்கெலியாக்காரர். தேர்தல் வந்தால் கடையை மூடிவிட்டு முதலாளியும் அவரும் ஊருக்குப் போவார்கள். நலன்புரிக் கொடுப்பனவுக்கான பட்டியலில் அவர் சில வேளை தாயின் குடும்பத்தில் இருப்பார், சில வேளை இருக்கமாட்டார். ஆக, மஸ்கெலியாவின் வாக்காளர் தொகைக்கும் அங்கே நாள்தோறும் அடுப்பெரியும் வீடுகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தம் தேடுகிறவர் ஏமாந்துபோவார். தீபாவளிக்கு முந்திய இரவில் பாஸ்டியன் மாவத்தைத் தரிப்பிடத்தில் ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுத்துணிப் பை ஒரு கையில், பிளாஸ்டிக் கதிரை இரண்டு மற்றக் கையில், இருக்கை கிடைக்காதென்று தெரிந்தும் ஏறுகிறவர்கள் அவர்கள்.

நிர்வாக வரைபடமும் மெல்ல இந்த மக்கள் திரளை ஒட்டி நகர்ந்துவருகிறது. நெடுங்காலம் அம்பகமுவ என்ற ஒரே பிரதேச சபை, சில சிறிய மாவட்டங்களுக்கு நிகரான மக்களைச் சுமந்துகொண்டிருந்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலை ஒட்டி அது அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நுவரெலியா பிரதேச சபையிலிருந்தும் கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் வந்தன. அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. அதாவது தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகக்கூட வரலாம், ஆனால் தம் லயத்துக்கு முன்னால் உள்ள பாதையைச் சபையைக் கொண்டு திருத்த முடியாது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மஸ்கெலியா பிரதேச சபையின் எல்லை, கடைவீதியையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் மஸ்கெலியா என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது என்ற வகையில், ஊர் என்று மக்கள் சொல்வதற்கு மிக அருகில் வரும் வரைபடம் இன்று அதுவே என்று நினைக்கிறேன். மக்கள்தொகையைத் தேடுகிறவர் இனிமேல் அந்தச் சபையின் எல்லைக்குள் அடங்கும் கிராம சேவகர் பிரிவுகளைக் கூட்டிப் பார்ப்பது பொருத்தமாயிருக்கும். "மஸ்கெலியா" என்று பெயரிட்ட ஒற்றைப் பிரிவின் எண்ணை எடுத்துக்கொண்டு ஊர் இவ்வளவுதான் என்று எழுதுவது பெரும் பிழை.

அந்தக் கூட்டுத்தொகையை நேரில் பார்க்க விரும்புகிறவர் மாதத்தின் பத்தாம் தேதியை ஒட்டிப் போக வேண்டும். தோட்டங்களில் சம்பளம் போட்டதும் காலை பஸ்களில் மலைகள் எல்லாம் கடைவீதிக்கு இறங்கி வரும். அடகுக் கடையில் தோட்டை மீட்பவர்களும், மரக்கறிக் கடையில் பழைய கடனைக் கட்டிவிட்டுப் புதுக்கணக்கு எழுதுகிறவர்களும், வங்கி வாசலில் வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய பணத்துக்காகக் காத்திருக்கும் தாய்மாரும் ஒரே தெருவில் நெருக்குவார்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைசி பஸ்கள் சாமிமலைக்கும் நல்லதண்ணிக்கும் புறப்பட்டுப் போனபின் தெரு வெறிச்சோடிவிடும். கடைக்காரர்கள் பலகைக் கதவுகளை அடைத்துவிட்டு மாடிக்கு ஏறுவார்கள். அதற்குப் பிறகு அங்கே தங்கியிருப்பவர்கள்தான் குடிசன மதிப்பீட்டின்படி அந்தக் "கிராமத்தின்" மக்கள்.

கீழே மவுசாகலை அணையிலிருந்து வெளியேறும் தண்ணீர், கெனியன், லக்சபான, பொல்பிட்டிய மின் நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கெசல்கமு ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. அதில் ஒரு பகுதியை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பின் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். மீதி மட்டக்குளிக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. கொட்டாஞ்சேனையின் அந்த மேல்மாடி அறையிலிருந்து அங்கே போக பஸ்ஸில் சிறிது நேரம்தான் ஆகும்.